நாலாம் பிளாட்பாரத்தில் தண்ணீர்

பழைய பஸ் நிலையத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் கால்வாய் வெட்டப் போகிறார்கள் என்றதும் எங்கள் ஊரே குதித்தது. ஊர் நடுவே தண்ணீர், கரையோரம் காபிக் கடைகள், மாடி வீடுகள், வந்து போகப் படகுகள். பாதிக் கடைகள் ஷட்டர் இறங்கிக் கிடந்த ஊருக்கு வேறென்ன வேண்டும்? நானும் கை தட்டியவள்தான். பயந்தவள் ஒருத்திதான், என் பக்கத்து வீட்டு பெரில்.

அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவரில் எந்த ரகசியமும் தங்காது. இளவயதில் பெரில் பஸ் கண்டக்டர். அதே பஸ்ஸின் டிரைவர் க்ளிஃப். அவர் முன்னால் தனிக் கூண்டில், இவள் பின்னால் கூட்டத்தில். இருவருக்கும் நடுவே மணி மட்டும்தான். ஒரு தடவை அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு தடவை அடித்தால் கிளம்ப வேண்டும். அப்படியே காதலித்துக் கல்யாணமும் செய்துகொண்டார்கள்.

"நான் சொன்னதை அந்த மனுஷன் கேட்டது அந்த பஸ்ஸுல மட்டும்தான்" என்று சிரிப்பாள்.

இப்போது க்ளிஃபுக்கு ஞாபகம் கழன்றுவிட்டது. மகள் பெயர் மறந்துவிட்டது, சாப்பிட்டது மறந்துவிட்டது. டியூட்டி மட்டும் மறக்கவில்லை. தினமும் காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு நாலாம் பிளாட்பாரம் இருந்த இடத்துக்கு நடப்பார். பெரில் பின்னாலேயே போவாள். அங்கே கட்டட வேலைக்கு அடைத்த பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு விழிப்பார். அவள் கையைப் பிடித்துக் கூட்டி வருவாள்.

"கதவைப் பூட்டித் தொலையேன்டி" என்றேன் ஒருநாள்.

"முதல்முதல்ல டாக்டரைப் பார்த்துட்டு வந்த அன்னைக்கே கேட்டுட்டார், ஐவி. 'என்ன வேணா பண்ணு, என்னைப் பூட்டி மட்டும் வைக்காதே'ன்னார். மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"பலகையை எடுத்துட்டா? அந்தப் பக்கம் தண்ணிதானே."

அவள் எழுந்து போய் வாசல் கதவைப் பார்த்துவிட்டு வந்தாள்.

நகர மண்டபத்தில் கூட்டம் போட்டபோது பெரில் எழுந்தாள். முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கரையில் கம்பி போடுவீர்களா என்று கேட்டாள்.

மேடையில் இருந்த இளைஞன் அன்பாகத்தான் சொன்னான். "படகு வந்து நிக்கிற கரைம்மா. கம்பி போட்டா ஏறி இறங்க முடியாது. கொஞ்ச நாள்ல எல்லாரும் பழகிடுவாங்க."

"புதுசா எதையும் பழக முடியாத ஒருத்தர் எங்க வீட்டுல இருக்கார் தம்பி."

ஒருவர் இருமினார். அடுத்தவர் எழுந்து கார் நிறுத்த இடம் எங்கே என்று கேட்டார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மற்றவர் துயரத்தைக் கண்டால் உடனே கார் ஞாபகம் வந்துவிடும்.

திறப்பு விழாவன்று பலகைகளை எடுத்துவிட்டார்கள். அன்று காலை என் கதவை யாரோ உடைப்பதுபோல் தட்டினார்கள். திறந்தால் பெரில், கையில் ஈரத் துண்டு.

"துணி காயப்போடப் போனேன். வந்து பார்த்தா ஆள் இல்லை. தொப்பியும் இல்லை."

ஓடினோம். எனக்கு முட்டி வலி. அவளுக்கு அது இருந்ததாகவே தெரியவில்லை.

கரையில் பாண்டு வாத்தியம், கொடிகள், இலவசப் படகுச் சவாரி. அதற்கு நீளமான வரிசை. வரிசையின் தலையில், கல் விளிம்புக்கு வெளியே ஷூ முனை நீட்டிக்கொண்டு நின்றார் க்ளிஃப். தன் நாலாம் பிளாட்பாரத்துக்கு வந்து டியூட்டிக்குக் காத்திருக்கிறார், அவ்வளவுதான். அன்று படகு ஏறும் இடமோ எதிர்க்கரையில். ஆனால் எங்கள் ஊரில் ஒருவர் அசையாமல் நின்றால் போதும், எதற்கென்று கேட்காமலே பின்னால் ஆள் சேர்ந்துவிடும். சேர்ந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் நெருக்க நெருக்க, அவர் விளிம்புக்குத் தள்ளப்பட்டிருந்தார்.

நாங்கள் முண்டியடித்தோம். தள்ளுவண்டிக் குழந்தையோடு நின்ற ஒருவன் குறுக்கே கை நீட்டினான். "வரிசை பின்னாடி இருக்கும்மா."

"என் புருஷன் முன்னாடி நிக்கிறார்!"

"இதையேதான் எல்லாரும் சொல்றாங்க."

நான்கைந்து பேர் தலையாட்டினார்கள். அவன் கழுத்தை நெரிக்கலாம்போல் இருந்தது. நான் க்ளிஃபைக் கூப்பிட வாயெடுத்தேன். பெரில் என் வாயைப் பொத்தினாள்.

"கூப்பிடாதே. திரும்பினா விழுந்துடுவார். நீச்சல் தெரியாது ஐவி, நீச்சல் தெரியாது."

அப்போது படகு எங்கள் பக்கம் வளைந்தது. பாழாய்ப்போனவர்கள் அதற்கு அடித்திருந்ததும் எங்கள் பழைய பஸ்ஸின் சிவப்புதான். க்ளிஃப் தொப்பியைச் சரிசெய்தார். ஏறுவதற்குக் காலைத் தூக்கினார்.

பக்கத்தில் ஐஸ்கிரீம் வண்டி. அதன் கைமணியைப் பெரில் பறித்தாள். அடித்தாள். ஒரே ஒரு தடவை.

தூக்கிய கால் அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கல்லின் மேல் இறங்கியது. அவர் திரும்பவில்லை. நேரே பார்த்தபடி நின்றார், பிரேக் போட்ட டிரைவராக.

சத்தத்துக்குத் திரும்பியவர்கள் அவள் முகத்தைப் பார்த்து விலகினார்கள். அவள் போய் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"ஏன் நிறுத்தினே? வண்டி ஏற்கெனவே லேட்டு" என்றார்.

"லேட்டாகட்டும். வா, டீ குடிக்கலாம்." அவள் பற்கள் அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. மணியைத் திருப்பிக் கொடுக்க மறந்து, கையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் கதவுக் கைப்பிடி அசைந்தது. மறுபடி அசைந்தது. திறக்கவில்லை. அவர் கத்துவார் என்று பயந்தேன், கத்தவில்லை. நாற்காலியைக் கதவுக்கு நேரே இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் வந்தது.

"நான் ரெடி பெரில். ரெண்டு தடவை அடி, கிளம்பலாம்."

நான் சுவரில் காதை வைத்து நின்றேன். மணி அடிக்கவில்லை. பெரில் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"சரி சரி, அவசரமில்லை" என்றார் க்ளிஃப். "ஜனம் இன்னும் ஏறிட்டிருக்கு போல."