பிள்ளையாருக்கு ஒரு முள்ளங்கி

ஜப்பானின் சிக்கோக்கு தீவில் யாத்திரிகர்கள் சுற்றி வரும் எண்பத்தெட்டுக் கோயில்களில் ஒன்றின் வரலாறுதான் என் முதுகலை ஆய்வு. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

அந்தப் பௌத்தக் கோயிலில் பிள்ளையார் இருக்கிறார். யானைத் தலையோடு இரண்டு உருவங்கள் தழுவி நிற்கும் சிறிய சிலை. பேழைக்குள் பூட்டியிருக்கும், பூசை செய்யும் துறவியைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. கோயில் ஒருமுறை போரில் எரிந்தது. சிலை தீயிலிருந்து தப்பியதா, பிறகு வந்ததா? படம் கிடைத்தால் அதன் வயதை ஊகிக்கலாம். இல்லையென்றால் என் மூன்றாம் அத்தியாயம் நகராது. துறவிக்கு எழுதிக் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

சார்செல் புறநகரில் எங்கள் வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"ஏன் பூட்டி வைச்சிருக்கினம்? களவு போகுமெண்டோ?"

"இல்லையம்மா. வலு பொல்லாத சக்தியாம்."

"எங்கடை ஆள் அப்பிடியில்லையே. எண்ணெய்க்காப்பு இருக்கோ?"

"ஓம், சூடாக்கின எண்ணெய் ஊத்துவினம். முள்ளங்கி படைப்பினம்."

"எண்ணெய் ஊத்தினால் எங்கடை ஆள்தான்."

வெள்ளிக்கிழமை லா சப்பல் தெருவின் தமிழ்க் கடையில் தேங்காய், வாழைப்பழத்தோடு அம்மா நீளமான வெள்ளை முள்ளங்கி ஒன்றும் எடுத்தார். கறிக்கு என்று நினைத்தேன். பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனைத் தட்டில் அதுவும் கிடந்தது.

ஐயர் தூக்கிப் பார்த்தார். "இதென்னம்மா, கறிக்கு வாங்கினது மாறி வந்திட்டுதோ?"

"இல்லை ஐயா. யப்பானிலை இவருக்கு இதுதான். பிள்ளையின்ரை படிப்புக்கு அங்கையிருந்து ஒரு படம் வரவேணும்."

"அங்கையும் போய் இருந்திட்டாரோ," என்றபடி ஐயர் அதையும் படைத்தார். எனக்குத்தான் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

துறவியின் பதில் வந்தது. சிலையைப் படம் எடுக்க முடியாது. பேழையின் சாத்திய கதவை மட்டும் படமெடுத்து அனுப்பியிருந்தார். ஏமாற்றத்தோடுதான் படத்தைத் திறந்தேன். கதவில் இரண்டு முள்ளங்கிகள் குறுக்காகச் செதுக்கப்பட்டிருந்தன. தீக்குப் பிறகு கோயிலைத் திரும்பக் கட்டியபோது செய்த கதவாம். அப்படியானால் அப்போதே பிள்ளையார் உள்ளே இருந்திருக்கிறார்; முள்ளங்கியும் வந்துவிட்டது. அதற்கு முன்? இன்னும் தெரியாது. அத்தியாயத்தை அந்தக் கதவிலிருந்து எழுதத் தொடங்கினேன்.

அம்மா கைபேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"உள்ளை ரெண்டு பேர் நிக்கினம் எண்டு சொன்னனியெல்லே," என்றார். "நான் ஒண்டுதானே வைச்சனான். அதுதான் படம் கதவோடை நிண்டிட்டுது."