நிறைந்து வந்த கேன்கள்

பஸ் ஏறும் நாட்களில் சகாய பிரியா தண்ணீர் குடிப்பதில்லை. திண்டிவனத்தில் ஏறினால் விழுப்புரம் வரை அடக்கிக்கொள்வாள். யூராலஜி டாக்டர். நோயாளிகளிடம் நேர்மாறாகச் சொல்பவள். அன்று காலை வாய் உலர்ந்திருந்ததற்குத் தாகம் மட்டும் காரணமில்லை.

அன்று நேர்காணல். இளம் ஆராய்ச்சியாளர்களுக்கான நிதி. டெல்லியிலிருந்து கம்ப்யூட்டர் வழியாகக் கேட்பார்கள். கிடைத்தால் வாரத்தில் பாதி நாட்களை ஆய்வுக்கு விடுவார்கள், ஓர் உதவியாளர் வருவார். கிடைக்காவிட்டால், அடுத்த ஆண்டு வயது வரம்பைத் தாண்டிவிடுவாள்.

துறைத் தலைவர் விருத்தாசலம் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்போதே சிரித்தார். "கத்தி புடிக்கிற கையால மூத்திரம் அளந்துக்கினு கெடக்குறியேம்மா."

விழுப்புரத்தை அடுத்த கெடார் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லையில் வேலை செய்யும் பெண்களுக்குச் சிறுநீரகக் கல் அதிகம். ஒதுங்க இடமில்லை, அதனால் தண்ணீர் குடிப்பதில்லை என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். ஆளுக்கொரு கேன் கொடுத்து, ஒரு முழு நாளின் சிறுநீரைப் பிடித்துவரச் சொன்னாள். கேன்கள் நிறைந்து வந்தன. சிறுநீர் தாராளமாகப் போகிறது, ஆனாலும் கல் வருகிறது. அப்படியானால் காரணம் வேறு. அந்த வேறு காரணத்தைத் தேடுவதற்குத்தான் நிதி கேட்டிருந்தாள்.

நேர்காணலுக்குச் சற்று முன், ஸ்கேனுக்கு வந்த அம்சவள்ளி அறை வாசலில் நின்றாள். கேன் கொடுத்த பெண்களில் ஒருத்தி.

"உக்காருங்கக்கா. இன்னைக்கு எனக்குப் பரீட்சை."

"டாக்டருக்குமா? எங்க கேனெல்லாம் ஒதவுச்சா?"

"அத வச்சுத்தான் பரீட்சையே. நல்லா நெறைஞ்சிருந்துச்சு."

அம்சவள்ளிக்கு முகம் மலர்ந்தது. "பின்ன? அடியில கொஞ்சூண்டுதான் கெடந்துச்சு. ஒரு சாமானக் கொறையாவா திருப்பிக் குடுக்குறது? பைப்புத் தண்ணி ஊத்தி ரொப்பிக்கினு வந்தோம்."

"வந்தோம்னா?"

"எல்லாருந்தான். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

பிரியாவின் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பியதில்லை. ஒரு பிடி முருங்கைக்கீரையாவது போட்டுத்தான் கொடுப்பாள். இது எப்படித் தோன்றாமல் போனது? தண்ணீர் ஊற்றினாலும் ஒரு நாளில் வெளியேறிய உப்புகளின் மொத்தம் மாறாது. ஆய்வகத்தில் அது சரியாகவே இருந்தது. சிறுநீரின் அளவு மட்டும் பொய். யாருக்கும் தெரியப்போவதில்லை. அதை நினைத்ததும் இன்னும் பயமாக இருந்தது.

விருத்தாசலத்திடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார்.

"வாயத் தொறக்காத. மொதல்ல வாங்கு. அப்புறம் திருத்திக்க. பேஜாரு புடிச்ச பொண்ணா இருக்கியே."

திரையில் முகங்கள் வந்தன. ஒரு பெண்மணி, எதிர்பாராத முடிவு என்று பாராட்டினார். பிரியா மேசைக்கு அடியில் கட்டைவிரலால் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அந்த முடிவு தவறு. இன்று காலைதான் தெரிந்தது."

நடந்ததைச் சொன்னாள். ஒருவர் ஒலி நின்றுவிட்டதென்று தன் மைக்கைத் தட்டிப்பார்த்தார்.

"அப்படியானால் உங்கள் ஆய்வில் மிச்சம் என்ன?" என்றார் குழுவிலிருந்த வயதானவர்.

"தண்ணீர் குடிக்கப் பயப்படும் பெண்கள்."

"அது தெரிந்ததுதானே."

"தெரிந்ததுதான். யாரும் அளந்ததில்லை."

அவர் யோசித்தார்.

"அளந்துகொண்டு அடுத்த ஆண்டு வாருங்கள்."

வயதைப் பற்றி அவள் சொல்வதற்குள் திரை அணைந்தது.

வெளியே அம்சவள்ளி காத்திருந்தாள். "பாஸா?"

"இல்லக்கா."

"நான் ஊத்துன தண்ணியாலயா?"

பிரியா அலமாரியிலிருந்து புதுக் கேன் ஒன்றை எடுத்தாள். "இன்னொரு வாட்டி புடிச்சிக்கினு வாங்க. தண்ணி ஊத்தாம."

அம்சவள்ளி கேனை உடனே வாங்கவில்லை. "இவ்ளோதானான்னு கேட்டு நாலு பேரு சிரிப்பாங்களே."

"நான் மட்டுந்தான் பாப்பேன்."

மாலையில் பஸ் நிலையத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினாள். மூடியைத் திறந்து கட்டணக் கழிப்பறைப் பக்கம் பார்த்தாள். திண்டிவனம் பஸ் வந்தது. ஒரு வாய்கூடக் குடிக்காமல் மூடியைத் திருகி மூடினாள்.