மலை வலப்பக்கம் இருக்கட்டும்

2006-ஆம் வருஷம், ஆனி மாதம். ஒரு திங்கட்கிழமை காலையில் சென்னையில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். செல்போனில் விளையாடும் கேம்கள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. அங்கே நான் படம் வரைகிறவள். மரம், பாறை, வீடு, மேகம் எல்லாம் என் கை. வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டரை நிறுத்திவிட்டார்கள், கட்டட வாடகையும் ஏறிவிட்டது, இனி தாங்காது என்றார் முதலாளி. பாவம், அவரும் அழுதார். நாங்கள் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் கம்ப்யூட்டர்களைக் கழற்ற ஆள் வந்துவிட்டது.

அண்ணாமலையாரே கதி என்று இருக்கும் உங்களிடம் மறைப்பானேன். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம். ஊருக்கு வரும் பஸ்ஸில், தூரத்தில் மலை தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எங்கள் வீடு வேங்கிக்காலில். அப்பா இல்லை. அம்மா கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் டிபன் கடை வைத்திருந்தாள். நான் வந்த மறுநாளே மாமா வந்துவிட்டார். கீழ்பென்னாத்தூர் ரைஸ் மில்லில் கணக்கு எழுத ஆள் வேண்டுமாம். ஆவணி பிறந்ததும் சேர வேண்டுமாம்.

"பொம்மை போடறதுக்கெல்லாம் எவ்ளோ நாள் சம்பளம் குடுப்பான்? இது நல்ல எடம்மா" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அன்று முழுக்க அழுதேன். படம் வரைவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் பிடிக்காது, அதுதான் நிஜம்.

அப்போதுதான் பாஸ்கர் போன் செய்தான். எங்கள் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவன். அவனுக்கு அந்த மாதம்தான் குழந்தை பிறந்திருந்தது. பெங்களூரில் ஒரு கம்பெனி புது ஆட்களிடம் கேம் கேட்கிறதாம். ஒன்று செய்து காட்டினால், பிடித்துப்போனால், தொடர்ந்து வேலை தருவார்களாம். சென்னையில் இடம் பிடிக்க எங்களுக்கு வழியில்லை. வேலை போனவர்களில் நாலு பேர் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்தோம். சாப்பாடு அம்மா கடையில்.

என்ன கேம் தெரியுமா? ஒரு பெண்ணின் ஆடு தொலைந்துவிடுகிறது. அவள் மலையைச் சுற்றி நடந்து அதைத் தேடுகிறாள். அவ்வளவுதான். மலை நம்ம மலை. ஆடு அம்மாவின் யோசனை.

வரைய வரைய எனக்குக் கோபமெல்லாம் கரைந்துபோனது. ஒவ்வொரு வளைவிலும் மலை ஒவ்வொரு மாதிரி தெரியும் இல்லையா, அதை அப்படியே போட்டேன். ஆனால் ஒரு சங்கடம். அந்தக் காலத்துப் போனில் இடம் ரொம்பக் கம்மி. கேம் ஒரு அளவுக்கு மேல் போனால் உள்ளேயே ஏறாது.

"ரெண்டுல ஒண்ணு எடுக்கணும். ஆடா மலையான்னு நீயே சொல்லு" என்றான் பாஸ்கர். அவனுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. "உங்க சாமிகிட்ட கேட்டுப் பாரேன், கொஞ்சம் எடம் ஒதுக்குவாரான்னு" என்று கிண்டல் வேறு.

நான் நிஜமாகவே போய்க் கேட்டேன். விடியற்காலையில் கிரிவலம் கிளம்பி, அக்னி லிங்கத்துக்கிட்ட நின்று மலையைப் பார்த்துச் சொன்னேன். "அப்பா, உன்னை வெட்டச் சொல்றாங்க. எனக்கு மனசு வரலை. எப்படியாவது நீயே உள்ள வந்து உக்காரு." வேறு மந்திரம் எதுவும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து மிச்சப் படங்களை முடித்துக் கொடுத்தேன். பாஸ்கர் எல்லாவற்றையும் சேர்த்துப் போனில் ஏற்றினான். ஏறிவிட்டது. ஆடும் இருக்கிறது, மலையும் இருக்கிறது. அவன் போனையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கணக்குப்படி ஏறக் கூடாதே" என்றான். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அம்மா எல்லோருக்கும் கேசரி கிண்டினாள். கடைக்கு வந்தவர்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள் என்று எல்லோரும் விளையாடிப் பார்த்து, ஆட்டைப் பிடித்துவிட்டுத்தான் போனைக் கொடுத்தார்கள். ஒரு குறையும் தெரியவில்லை.

ஆடிக் கடைசியில், பெங்களூர் கம்பெனியில் கேம்களைப் பார்த்து முடிவு சொல்கிற வந்தனா மேடம் நேரிலேயே வந்தார். நல்ல தமிழ் பேசுவார். மாடியில் உட்கார்ந்து போனை வாங்கினார். அந்தப் பெண்ணை நாலு அடி நடக்கவிட்டார். அப்புறம் அவளைத் திருப்பி, வந்த வழியே பின்னால் நடக்கவிட்டார்.

திரை வெள்ளையாகிவிட்டது. மலையும் இல்லை, பாதையும் இல்லை. அந்தப் பெண் மட்டும் அந்தரத்தில் நின்று காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

எதிர்ப்பக்கமாக நடந்தால் தெரிகிற படங்களை நான் வரையவே இல்லை. மறந்துபோய் இல்லை. அப்படி ஒரு பக்கம் இருப்பதாகவே என் மனசில் தோன்றவில்லை. மலையை எப்போதும் வலப்பக்கம் வைத்துத்தானே நடக்கிறோம்? விளையாடிப் பார்த்தவர்களும் நம்ம ஊர்க்காரர்கள். ஒருத்தர்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. நாங்களும் ஆட்டைத் துரத்துகிற அவசரத்தில் முன்னாலேயே போயிருக்கிறோம். இடம் எப்படிக் கிடைத்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. பாஸ்கர் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறான், பாதி மலை இல்லாததால் உள்ளே ஏறியிருக்கிறது. நான் அதை வரம் என்று நினைத்துக் கேசரி சாப்பிட்டிருக்கிறேன்.

பாஸ்கர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "அப்பா, இப்படி மோசம் பண்ணிட்டியே" என்று நான் உள்ளுக்குள் கதறினேன். ரைஸ் மில் கண் முன்னால் வந்து நின்றது.

"ஏன் இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லை?" என்று மேடம் கேட்டார்.

காபி கொண்டுவந்த அம்மாதான் சொன்னாள். "அந்தப் பக்கம் யாரும் போவ மாட்டாங்களேம்மா. இன்னாத்துக்குப் போவணும்?"

மேடத்துக்குப் புரியவில்லை. "நாளைக்குக் காத்தால என்கூட வாங்க, காட்டறேன்" என்று அம்மா கூப்பிட்டாள். அவரும் சரி என்றார். எனக்கு ஒரே வெட்கம்.

மறுநாள் விடியும்போது மூன்று பேரும் கிளம்பினோம். ரமணாசிரமம் தாண்டியதும் மேடத்துக்கு, நாங்கள் கடந்து வந்த டீக்கடை ஞாபகம் வந்துவிட்டது. சட்டென்று திரும்பி நடந்தார். எதிரே வந்த பூக்காரம்மா வழி மறித்தாள்.

"திரும்பிப் போகாதீங்கம்மா. மலை வலப்பக்கம் இருக்கட்டும்."

மேடம் சிரித்துக்கொண்டே விலகினார். அடுத்து ஒரு பெரியவர் கையைக் காட்டி, "இப்டி போங்கம்மா, இப்டி" என்றார். அதற்குள் அம்மா ஓடிப் போய் மேடத்தின் கையையே பிடித்துவிட்டாள். "டீ முன்னாலயும் கெடைக்கும், வாங்க."

மேடம் நடுரோட்டில் நின்று அப்படிச் சிரித்தார். சிரித்து முடித்து என்னைப் பார்த்தார். "அந்தப் பக்கத்தை நீங்க வரையவே வேணாம். யாராவது திரும்பினா உங்கம்மா வந்து திட்டட்டும். அது போதும்."

நான் அங்கேயே, ரோட்டிலேயே, மலையைப் பார்த்து விழுந்து கும்பிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அண்ணாமலையார் என்னை மோசம் பண்ணவில்லை. நான் கேட்டபடியே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறார். எந்தப் பக்கமாக வந்தார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அம்மாவைத் தூக்குவாளியும் கையுமாகக் குட்டியாக வரைந்தேன். மிச்சமிருந்த இடத்துக்குச் சரியாகப் போனது. அம்மா போனைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "மூக்குத்தி எங்கடி?" என்று கேட்டாள். சாமி இல்லை என்கிற பாஸ்கர்தான் அதற்கும் ஒரு புள்ளி இடம் கண்டுபிடித்துக் கொடுத்தான்.

ஆவணியில் வேலை உறுதியானது. நாலு பேரும் அதே மாடியில் உட்கார்ந்து செய்தோம். மாமாவே வந்து ஃபேன் மாட்டிக் கொடுத்தார். சில வருஷம் கழித்து அந்தப் பெங்களூர் கம்பெனியும் ஆட்களைக் குறைத்தது. மறுபடியும் வேலை போனது. இந்தத் தடவை நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கிரிவலம் கிளம்பினேன், திரும்பி வருவதற்குள் அடுத்த கேமுக்கு ஒரு யோசனை வந்தது, அதில் இன்றுவரை சோறு சாப்பிடுகிறேன். பாஸ்கரும் பௌர்ணமிக்கு வருகிறான். டீக்காக வருகிறேன் என்று சொல்லிக்கொள்கிறான்.

வேலை போய், கடை மூடி, என்ன செய்வது என்று தெரியாமல் இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால், நீங்கள் ஒருமுறை எங்கள் ஊருக்கு வாருங்கள். முழு மலையும் ஒரே இடத்திலிருந்து யாருக்கும் தெரியாது. தெரிகிற வரைக்கும் நடங்கள், வளைவுக்கு அந்தப் பக்கம் அவர் இருக்கிறார். பயந்துபோய்ப் பாதியில் திரும்பப் பார்த்தால் கவலையே வேண்டாம். எங்கம்மா வந்துவிடுவாள்.