இருபத்தாறு வாரத்து வாக்கியங்கள்

எங்கள் வீட்டில் முதன்முதலாக ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் என் தம்பி தருண். மர்பி டவுனில் எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆபீஸில் கம்ப்யூட்டர் நின்றுபோனால் ஓடவைப்பது அவன் வேலை. நான் பத்தாவதோடு நின்றவள், கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் தைத்த சட்டைகளில் குறை பார்க்கும் செக்கர்.

வெள்ளிதோறும் மேனேஜர் நாகேஷுக்கு அவன் வார அறிக்கை அனுப்ப வேண்டும். அதை எழுத மட்டும் அவனுக்கு வார்த்தை வராது. கூட வேலை செய்பவர்கள் ஒரு தாள் கொடுத்தார்கள். மூன்று வரிசை, வரிசைக்குப் பத்துச் சொற்கள். வரிசைக்கு ஒன்றாக எடுத்து எதையும் எதோடும் சேர்க்கலாம். 'ஒருங்கிணைந்த டிஜிட்டல் ரோட்மேப்' என்று ஏதாவது வந்துவிடும். பொருள் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்க்கா? யாரும் கேக்க மாட்டாங்க."

தாளைத் திருத்தமாகப் பிரதி எடுத்தேன். அனுப்பிய வாக்கியங்களைத் தேதியோடு குறித்து, ஒன்று மறுபடி வராமல் பார்த்துக்கொண்டேன்.

அதுதான் வினையானது. நாகேஷ் ஆறு மாத அறிக்கைகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார். ஒரே வாக்கியம் திரும்ப வந்திருந்தால் பழைய வேலை தொடர்கிறது என்று விட்டிருப்பார். இருபத்தாறு வாரத்துக்கு இருபத்தாறு புதுத் திட்டங்கள்! அத்தனையையும் வரும் திங்கட்கிழமை காட்ட வேண்டும் என்று வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டார்.

"வேலை போயிடும்க்கா."

"வாய மூடுறா. சாப்பிட்டியா?"

"உள்ள எறங்கல."

எனக்கும் இறங்கவில்லை. மறுநாள் காலை அவனைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"நெஜமா என்ன செஞ்சே? அதச் சொல்லு."

"மூணாவது மாடி பிரிண்டர் சரி பண்ணேன். இத எழுதினா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். வேலைய விட்டுத் தொரத்தறதுக்கு அது மேல்."

போனில் இருந்த பழைய செய்திகளைப் பார்த்துப் பார்த்து அவன் சொல்ல, நான் தேதிவாரியாக எழுதினேன். ஞாயிறு மதியத்துக்குள் பதினொரு பக்கம் ஆனது. என் தம்பி ஒருநாளும் சும்மா இருக்கவில்லை.

திங்கட்கிழமை பொத்தான் இல்லாத சட்டையை நான் பாஸ் பண்ணிவிட்டேன். ஒன்பது வருடத்தில் முதல்முறை. கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு ஓடிப்போய் அதை வாங்கித் தருணை அழைத்தேன்.

"தாளப் பாத்து வார்த்தைய கலந்து எழுதினேன்னு ஒத்துக்கிட்டேன்க்கா. பதினொரு பக்கமும் படிச்சாரு."

"என்னடா சொன்னாரு?"

"மூணு மாசம் பாத்துட்டு முடிவு பண்றாராம்."

"அப்ப வேலை இருக்கில்ல?"

"இன்னிக்கு இருக்கு."

பெல் அடித்தது. செக்யூரிட்டி போனுக்குக் கை நீட்டினார்.