சிமெண்டு லாரிகளை எண்ணிய வருடங்கள்

வளைகுடாவில் வேலை பார்க்கிற கணவன்மார்கள் வீட்டுக்கு போன் செய்தால் குழந்தை சாப்பிட்டதா, அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். என் கணவர் நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றிக் கேட்பார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. நான் ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்தில், ஒரு கையில் டிபன் டப்பாவோடு நிற்கும்போது மணி அடிக்கும்.

"அங்க எப்படி இருக்கு?" என்பார். அங்கே என்றால் நான் இல்லை, குழந்தை இல்லை, மலையாள நாட்டில் கரமனையில் நாங்கள் இருந்த வீடும் இல்லை. இந்தியா முழுவதும்.

எங்கள் மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது அவர் போனார். ஒரு கட்டிட ஒப்பந்தக் கம்பெனியில் கணக்கர் வேலை. "மூணு வருஷம். கூடிப்போனா நாலு" என்று சொல்லித்தான் போனார். மற்றவர்களைப் போல நகையும் நிலமும் வாங்காமல், அவர் அனுப்புகிற பணத்தில் நாங்கள் பங்குகள் வாங்குவது என்று ஏற்பாடு. அது வளர்ந்து ஒரு தொகையைத் தொட்டதும் அவர் திரும்பி வந்துவிட வேண்டியது. குழந்தை வளர்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அந்தத் தொகையைச் சமையலறையில் நின்றுகொண்டு ரகசியம் போலச் சொன்னார். இங்கே அதை எழுதப் போவதில்லை. இன்றைக்குக் கேட்டால் சிரிப்பீர்கள்.

வெளிநாட்டில் இருக்கிறவர் பங்கு வாங்க அந்தக் காலத்தில் ஏகப்பட்ட அனுமதி வேண்டும். அதனால் எல்லாம் என் பெயரில். மாநில அரசு ஆபீஸ் ஒன்றில் கிளார்க்காக இருந்த நான், நேரில் பார்த்தே இராத கம்பெனிகளுக்குச் சொந்தக்காரி ஆனேன். ஆபீஸ் விட்டதும் பழவங்காடிக்குப் போவேன். அங்கே ஒரு மாடியில் புரோக்கரின் ஆபீஸ். கீழே கணபதி கோவிலில் தேங்காய் உடைகிற சத்தம் கேட்டபடி இருக்கும். மேலே பென்ஷன் வாங்குகிற பெரியவர்கள் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் போனதும் மரியாதையாக எழுந்து நாற்காலி தருவார்கள். அதன் பிறகு நான் அங்கே இருப்பதையே மறந்துவிடுவார்கள்.

அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே. நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை. கண்ணில் பட்டதைச் சொல்வேன். சாலைக் கடைத்தெருவில் நகைக்கடைகளில் நிற்க இடமில்லை என்பேன். எங்கள் தெருவைத் தாண்டினால் நான்கு இடத்தில் வீடு கட்டுகிறார்கள் என்பேன். நாகர்கோவில் பக்கமிருந்து சிமெண்டு ஏற்றிக்கொண்டு வருகிற லாரிகள் கரமனைப் பாலத்தின் வழியாகத்தான் ஊருக்குள் வர வேண்டும். "இந்த வாரம் லாரி எவ்வளவு போச்சு?" என்று அவர் ஒருநாள் விளையாட்டாகக் கேட்டார். அடுத்த வாரம் நான் நிஜமாகவே எண்ணிச் சொன்னேன். அதிலிருந்து அது எனக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. பஸ்ஸுக்கு நிற்கும்போது லாரிகளை எண்ணுவேன். பெரிய பெரிய கம்பெனிகள் ஆள் வைத்துச் செய்கிற ஆராய்ச்சியை நான் பஸ் ஸ்டாப்பில் நின்றே முடித்துவிட்டேன்.

நல்ல காலம் என்று நாங்கள் நம்பிய ஒரு வருடம் அவர் பிப்ரவரியில் லீவு எடுத்து வந்தார். பட்ஜெட்டை இங்கே இருந்து பார்க்க வேண்டுமாம். அப்போதெல்லாம் பட்ஜெட்டைச் சாயங்காலம்தான் வாசிப்பார்கள். அன்று சாயங்காலமே மகளின் பள்ளிக்கூட ஆண்டு விழா. அவள் மேடையில் ஒரு பாட்டில் நான்கு வரி தனியாகப் பாட இருந்தாள். "நேரா ஸ்கூலுக்கு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பழவங்காடிக்குப் போனவர், வரவில்லை. பட்ஜெட் எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது. அவர் ஜிலேபிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தபோது மகள் தூங்கிப்போயிருந்தாள். அவளுடைய கன்னத்தில் பூசிய சாயத்தைக்கூட நான் இன்னும் துடைக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வருஷம்தான். எல்லாம் சரியாகிடும்" என்றார். நானும் அதை நம்பினேன். நம்பியதால்தான் சண்டை போடவில்லை.

அந்த வருடக் கடைசியில் ரூபாயின் மதிப்பு விழுந்தது. ரூபாய் விழுந்தால் எங்கள் ஊருக்கு ஓணம் வந்த மாதிரி. வளைகுடாவில் அதே சம்பளம்தான், ஆனால் இங்கே வந்து சேர்கிற பணம் பெருத்துவிடும். பழைய ஓட்டு வீடுகளை இடித்துவிட்டு இரண்டு மாடி எழுப்பினார்கள். கொத்தனார் கிடைப்பது குதிரைக்கொம்பு. கட்டிட வேலைக்குத் தென்காசிப் பக்கமிருந்து வருகிறவர்கள் தம்பானூர் ஸ்டேஷனில் மூட்டையோடு இறங்குவதைத் தினமும் பார்க்கலாம். பாலத்தில் லாரிகளை எண்ணி முடிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை இதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் எங்களிடம் இருந்த மற்ற பங்குகளை விற்கச் சொல்லி, அத்தனை பணத்தையும் சிமெண்டு கம்பெனிகளில் போடச் சொன்னார்.

புரோக்கருக்கும் அதில் சந்தேகம் இல்லை. அவர் மலையாளி. என்னிடம் பேசும்போது மட்டும் தமிழ் கலந்து பேசுவார். "இங்கே வீடு கட்டாத்த ஆளுண்டோ சேச்சி? தைரியமா வாங்கிக்கோ" என்றார். டிவி முன்னால் இருந்த பெரியவர்களும் தலையாட்டினார்கள். அவர்களும் சிமெண்டுதான் வாங்கியிருந்தார்கள்.

விலை ஏறவில்லை. மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே போயிற்று.

"அங்க வீடு கட்டறது நின்னுடுத்தா?"

"இல்லையே. நம்ம தெருமுனையில கூட அஸ்திவாரம் தோண்டறா."

"பின்னே ஏன் விழறது?"

"என்னைக் கேட்டா? நான் லாரி எண்ணறவளாக்கும். கம்பெனி நடத்தறவளா?" என்றேன். இரண்டு நாட்டுக்கும் நடுவில் போன் காசும் கரைந்துகொண்டிருந்தது.

பிறகு வருடக்கணக்கில் செய்தித்தாளை வாசித்து வாசித்துத்தான் எனக்கு விளங்கியது. எங்கள் ஊரைக் கொழுக்க வைத்த அதே ரூபாய் வீழ்ச்சிதான் சந்தையைக் கவிழ்த்தது. வெளியிலிருந்து டாலரைக் கொண்டுவந்து இங்கே பங்கு வாங்கியவனுக்கு ரூபாய் விழ விழ நஷ்டம். கிழக்கே ஒவ்வொரு ஆசிய நாட்டின் பணமும் சரிவதைப் பார்த்தவன் இங்கிருந்தும் விற்றுவிட்டுக் கிளம்பினான். ரூபாயைப் பிடித்து நிறுத்துவதற்காக வட்டியை ஏற்றினார்கள். வடக்கே ஆலை கட்ட இருந்தவர்கள் கடன் வாங்கப் பயந்து நிறுத்திக்கொண்டார்கள். சிமெண்டு அங்கே குடோனில் கிடந்தது. ஊருக்குக் கிழக்கே நிற்கிற சஹ்யமலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் எத்தனை மாடி கட்டினாலும் அந்தச் சிமெண்டைத் தின்று தீர்க்க முடியுமா? கரமனைப் பாலத்தைப் பார்த்துவிட்டு இந்தியாவைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டோம். இரண்டு பேரும் படித்தவர்கள் வேறு.

அவருடைய நான்கு வருடம் ஏழானது, ஏழு பத்தானது. நடுவில் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் மோகம் ஒன்று வந்து போயிற்று. சிமெண்டிலேயே முங்கிக் கிடந்ததால் அதில் முங்க எங்களிடம் காசில்லை. வருடத்துக்கு ஒரு மாதம் வருவார். அவர் வரும்போது மகள் ஒவ்வொரு முறையும் வேறு ஒருத்தியாக இருந்தாள். ஒரு வருடம் அவர் வாங்கி வந்த உடுப்புகள் எல்லாம் சின்னதாகப் போய்விட்டன. மறு வருடம் அளவு கேட்டு வாங்கி வந்தார், அந்த நிறமே அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் தோழிகளோடு மலையாளத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். இவர் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். பாவம், அதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

பிறகு இங்கே எல்லாம் ஒன்றாகக் கெட்டது. மிளகுக்கு விலையில்லை, ரப்பருக்கு விலையில்லை, தேங்காயைப் பறிக்கிற கூலிக்கே தேங்காய் காணாது. அரசாங்கக் கஜானா காலி என்று எங்களைப் போன்ற ஊழியர்களின் சலுகைகளை வெட்டினார்கள். நாங்கள் வேலைநிறுத்தம் செய்து சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார்ந்தோம். மழையும் பொய்த்தது. ஈராக்கில் போர் வரப்போகிறது என்று வளைகுடாவிலிருந்து சிலர் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். கட்டி முடியாத வீடுகள் கம்பி நீட்டிக்கொண்டு நின்றன.

"இங்க ஒண்ணுமே சரியா இல்ல. லாரியையே காணோம்" என்று ஒரு வெள்ளிக்கிழமை சொன்னேன். அது பொய்யில்லை. ஒரு வாரம் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"அப்போ வித்துடு. இருக்கறதாவது மிஞ்சட்டும்" என்றார் அவர்.

நான் பழவங்காடிக்குப் போய் எல்லாவற்றையும் விற்றேன்.

சில மாதங்கள்தான். நாட்டில் வட்டி ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தது. ஊருக்கு ஊர் பெரிய சாலைகள் போட்டார்கள். வெளிநாட்டுப் பணம் திரும்பவும் உள்ளே வந்தது. நான் விற்ற அதே சிமெண்டுப் பங்குகள் ஏறின, அப்படி ஒரு ஏற்றம் ஏறின. எங்கள் ஊரில் மிளகும் கஜானாவும் மழையும் பொய்த்துக் கிடந்த நேரத்தில் மற்ற இந்தியா எழுந்து நடந்துகொண்டிருந்தது. அது பாலத்தின் மேல் நின்றால் தெரியாது. சமையலறையில் அவர் சொன்ன தொகையை அந்தப் பங்குகள் ஒரே வருடத்தில் தாண்டிப் போயின. என் பெயரில்தான் இல்லை.

இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும், அவர் கணக்கர். ஒரு வார்த்தை என்னைத் திட்டியதில்லை. "போட்டும். இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்" என்று மட்டும் ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கத்துகிற வேகத்தில் உண்மையும் வெளியே வந்திருக்கும். விற்ற பணமும் அவருடைய சேமிப்பும் என் சம்பளமும் சேர்ந்தால் நாங்கள் மூன்று பேரும் இங்கே சாதாரணமாகச் சாப்பிட்டு வாழலாம் என்பதுதான் அந்த உண்மை. மகள் அப்போது பத்தாம் வகுப்பு. வரட்டுமா என்று அவர் கேட்கவில்லை. வாங்கோ என்று நானும் சொல்லவில்லை. தோற்றுப்போன கையோடு வர அவருக்கு வெட்கம். அப்படி வரச் சொன்னால் அவருக்கு வலிக்கும் என்று எனக்குப் பயம். பணம் போனதைப் பற்றி எனக்கு இன்று வருத்தமே இல்லை. வாங்கோ என்று சொல்லாமல் விட்ட அந்த வெள்ளிக்கிழமையைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

கொஞ்ச நாள் என்றது ஐந்து வருடத்துக்கு மேல் நீண்டது. கடைசியில் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் கவிழ்ந்தது. வளைகுடாவில் பாதி கட்டிய கட்டிடங்களை அப்படியே விட்டுவிட்டு அவருடைய கம்பெனி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. இங்கே சந்தையும் விழுந்தது. இரண்டும் சேர்ந்து விழுந்தது எங்கள் அனுபவத்தில் அதுதான் முதல் தடவை. அவர் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினார். இனிமேல் திரும்பிப் போக வேண்டியதில்லை.

மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்து, நிலைமை சரியில்லை என்று சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். உலகமே கவிழ்ந்ததில் எங்களுக்கு வந்த ஒரே லாபம் அதுதான், அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் இருப்பார்கள் என்று எனக்குள் சந்தோஷப்பட்டேன். அவர் வந்து சில வாரம் ஆவதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தம்பானூர் ஸ்டேஷனுக்கு மூன்று பேரும் போனோம். பெட்டியை அவர்தான் தூக்கினார், போர்ட்டரை விடவில்லை. அவளை ஜன்னலோர இடத்தில் உட்கார வைத்துவிட்டு இறங்கி வந்து, பிளாட்பாரத்தில் என் பக்கத்தில் நின்றார். வண்டி கிளம்ப நேரம் இருந்தது. நல்ல வெயில். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

மகள் அதைப் பார்த்தாள். ஜன்னல் கம்பிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கை தூரம்கூட இல்லை. அவள் என்னைப் பார்த்து, "அம்மா, அப்பாட்ட சொல்லு. வெறுதே வெயில்ல நிக்க வேண்டாம், ஆத்துக்குப் போட்டும்" என்றாள். அதில் கோபம் எதுவும் இல்லை, அக்கறையாகத்தான் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவளைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, "பரவாயில்ல, வண்டி போற வரைக்கும் நான் நிக்கறேன்னு சொல்லு" என்றார்.

நான் அவளிடம் சொன்னேன்.