மூன்று மேடுகளும் ஒரு அப்பாவும்

எங்கள் பகுதி இடுகாட்டின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. முதலில் அதில் ஊராட்சி என்று எழுதியிருந்தார்களாம். அதன்மேல் பெயின்ட் அடித்து நகராட்சி ஆக்கினார்கள், அதன்மேலும் அடித்து இப்போது மாநகராட்சி. வெயிலில் பெயின்ட் உரிந்து மூன்றுமே தெரிகின்றன. ஆவடியில் தொழிற்சாலை வேலைக்கு முப்பது வருஷத்துக்கு மேல் சைக்கிள் மிதித்த என் அப்பா வாங்கிய பதவி உயர்வு மொத்தம் இரண்டு. உள்ளே இருப்பவர்கள் புரண்டுகூடப் படுக்காமல் அதே இரண்டை வாங்கியிருக்கிறார்கள்.

பலகையில் விதிகளும் உண்டு. பார்வையாளர் நேரம் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. புகைபிடிக்கக் கூடாது. பலகைக்கு நேர் பின்னால் தகனமேடைப் புகைபோக்கி புகைத்துக்கொண்டிருக்கும், அதை யாரும் கேட்பதில்லை. வெடி வெடிக்கக் கூடாது. கல்லறையோ மேடையோ கட்டக் கூடாது. சேவைகள் அனைத்தும் இலவசம், குறையிருந்தால் தெரிவிக்கலாம் என்று ஒரு வரி. சேவையை முழுதாக அனுபவித்தவர்கள் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

பெண்கள் உள்ளே வரக் கூடாது என்று மட்டும் அந்தப் பலகையில் எங்கேயும் இல்லை. அது என் சித்தப்பா போட்ட விதி. அப்பாவின் தம்பி. மதுரைப் பக்கம் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் முதல் பஸ்ஸில் ஏறி வந்து பொறுப்பை எடுத்துக்கொள்வார்.

ஐப்பசி மழையில் அப்பா இறந்தார். நெமிலிச்சேரி வீட்டிலிருந்து ஊர்வலம் கிளம்பி, தெருமுனை வந்ததும் சித்தப்பா கையை நீட்டி அம்மாவையும் என்னையும் நிறுத்தினார். "பொம்பளையாளுக இதுக்கு மேல வரக் கூடாது. தாங்க மாட்டீங்க" என்றார். நாங்கள் தாங்கினோம். குழி பக்கத்தில் மயங்கி விழுந்தது என் அண்ணன். அவனைத் தண்ணீர் தெளித்து எழுப்பியதாக என் கணவர் பிறகு ரகசியமாகச் சொன்னார்.

கருமாதி முடிந்தது, மழையும் விட்டது. அம்மா மட்டும் விடவில்லை. "ஒரு தடவை அந்த எடத்துல போய் உக்காந்துட்டு வந்துர்றேன்டி" என்றாள். வேறு எதையும் கேட்கவில்லை. நாற்பது வருஷம் கூட இருந்த மனிதரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. எனக்கு அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். சித்தப்பாவுக்குப் போன் செய்தால், குடும்பத்துக்கு ஆகாது என்றார். நான் நேரே போய் அந்தப் பலகையைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பி, "இதில எத்தனாவது விதி சித்தப்பா?" என்று கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் பையோடு வந்து இறங்கிவிட்டார். "நான் இல்லாம நீங்க எப்பிடி எடத்தக் கண்டுபிடிப்பீங்க?" என்றார்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் கணவரையும் சேர்த்து ஐந்து பேரும் போனோம். அம்மா சாமந்திப் பூ வாங்கி முந்தானையில் வைத்துக்கொண்டாள். வானகரத்து ஃபிளாட்டிலிருந்து அண்ணன் காரில் வந்தான். உள்ளே கால் வைத்ததும் எல்லோரும் நின்றுவிட்டோம். மழைக்குப் பிறகு புல்லும் எருக்கஞ்செடியும் இடுப்பளவு வளர்ந்து, மேடுகளெல்லாம் ஒன்றுபோலவே கிடந்தன. நட்டு வைத்த குச்சி, போட்ட மாலை எதுவும் மிச்சமில்லை.

"இங்கனதான் மதினி" என்று சித்தப்பா வேப்பமரத்தடியில் ஒரு மேட்டைக் காட்டினார். அம்மா உட்காரப் போனாள்.

"அது இல்லம்மா" என்றான் அண்ணன். "நான் அன்னைக்கே லொகேஷன் சேவ் பண்ணி வெச்சிருக்கேன்." ஐ.டி. கம்பெனிக்காரன் அல்லவா. போனை எடுத்துப் பார்த்தான். அப்பா சுவருக்கு வெளியே பஞ்சர் கடையில் இருப்பதாக அது காட்டியது. அவன் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சுவரோரமாக இருந்த ஒரு மேட்டைக் காட்டி, இதுதான் என்று அடித்துச் சொன்னான். என் கணவரைக் கேட்டோம். அவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, சரியாக இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒன்றைக் காட்டினார். மருமகனாயிற்றே.

காவலாளியைக் கூப்பிட்டோம். "நான் போன மாசந்தான் இங்க வந்தேன் அண்ணாத்தே" என்றார். "முன்னாடி இருந்தவரு பூந்தமல்லி பக்கம் போயிட்டாரு. எனுக்கு இன்னா தெரியும்? அல்லாமே ஒரே மாறிதான் கீது."

சித்தப்பாவும் அண்ணனும் சண்டை போட ஆரம்பித்தார்கள். மண் தள்ளியது யார், எந்தப் பக்கம் நின்று தள்ளினார்கள் என்று பஞ்சாயத்து நடந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அடக்கம் பண்ணப் போனீங்க, மறுநாள் பால் ஊத்தப் போனீங்க. ரெண்டு தடவை போயும் ஒருத்தருக்குமா எடம் தெரியல?" என்று கத்தினேன்.

அண்ணன் தரையைப் பார்த்தான். "திரும்பிப் பாக்காம வரணும்னு சொன்னாங்க. அப்படியே வந்துட்டோம்" என்றான்.

நிஜம்தான். காரியம் முடிந்தால் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும் என்பது முறை. இரண்டு தடவையும் ஆண்கள் அத்தனை பேரும் கழுத்து சுளுக்கியவர்கள்போல நேரே பார்த்தபடி வீடு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஒருவர்கூட விதியை மீறவில்லை. அப்பாவை இவ்வளவு ஒழுங்காகத் தொலைத்த குடும்பம் ஆவடி வட்டாரத்திலேயே வேறு இருக்காது.

அம்மா மூன்று மேடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். எதன் பக்கத்திலும் உட்காரவில்லை. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூவைப் போட்டாள். பிறகு சித்தப்பாவிடம், "ஏன் தம்பி, திரும்பிப் பாத்தா என்ன ஆகும்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஆவி பின்னாலயே வந்துரும் மதினி" என்றார் சித்தப்பா.

"வரட்டுமே" என்றாள் அம்மா. "நம்ம வீட்டுக்குத்தானே வந்திருப்பாரு."

காவலாளி மெல்ல நகர்ந்து போய்விட்டார். நாங்கள் நடக்க ஆரம்பித்தோம். சித்தப்பா பழக்கதோஷத்தில் நேரே பார்த்தபடி முன்னால் போனார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, கேட் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.