கண்ணைத் திறந்து வைத்த படம்

பேச்சில் நாங்கள் ஞாபகம் என்றுதான் சொல்வோம். ஞாபகமா குடைய எடு, ஞாபகமா மருந்தக் குடி. நினைவு என்ற சொல் செத்தவர்களுக்கு மட்டும். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் அச்சுக் கடையில் அது எப்போதும் தயாராக இருக்கும்: நினைவஞ்சலி, நீங்காத நினைவுகளுடன். பெயரையும் படத்தையும் மாற்றினால் போதும். அந்த 'நீங்காத'வைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். அச்சடித்துக்கொண்டு போனவர்களில் பாதிப்பேர் அடுத்த வருடம் வருவதில்லை.

மண்சரிவுக்குப் பிறகு நாவலப்பிட்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அவர்கள் குடியிருந்த லயத்தோடு ஒரே மகளும் போய்விட்டாள். வீட்டிலிருந்த படங்கள், போன் எல்லாம் மண்ணுக்குள். டீச்சர் ஒருவரின் போனில் இருந்த விளையாட்டுப் போட்டிப் படம் ஒன்றுதான் மிச்சம். அதில் பிள்ளை வெயிலுக்குக் கண்ணை மூடியிருந்தாள்.

"கண்ணு மூடுன படத்துக்கு எப்புடிங்க மாலை போடுறது? பொணமாட்டம் இருக்கு. தொறந்து குடுங்க," என்றார் தகப்பன்.

இப்போது அதற்கெல்லாம் ஆப் இருக்கிறது. ஒரு நொடியில் பிள்ளை கண் விழித்துவிட்டாள். பெரிய, பளபளக்கும் கண்கள். தகப்பன் ஓவென்று அழுதார். "எம்புள்ளையேதான்," என்றார். எனக்கும் கண் கலங்கியது. நல்ல வேலை செய்துவிட்டோம் என்று பெருமையும் பட்டேன்.

கருமாதி முடிந்து சில வாரம் கழித்து அந்தத் தாய் தனியாக வந்தார்.

"தங்கச்சி, அந்தப் பழைய படம் இருக்கா?"

"ஏங்கக்கா, இது நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. அவரு அதுகிட்டதான் பேசிக்கிட்டு இருக்காரு. ஆனா அது எம்புள்ள கண்ணு இல்ல. இப்ப நான் அவள நெனச்சாலும் அந்தக் கண்ணுதான் வருது."

அந்தத் தாய் சண்டை பிடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பழைய படத்தைக் கணினியில் பெரிதாக்கிக் காட்டினேன். கிட்டக் குனிந்து, மூடிய இமைகளின் மேல் விரலை வைத்தார்.

"இது அவதான்," என்றார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆனா தங்கச்சி, இதத் தொறந்தா எப்புடி இருக்கும்னு எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குதே."